ஒரே பெயரில் இரண்டு மெம்காப்பி

"லைப்ரரியை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். பத்து வருடத்துக்கு முன் கம்பைல் செய்த புரோகிராம் இன்றும் அதனோடு எப்படி ஓடுகிறது?" என்று கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். லைப்ரரி என்பது பல புரோகிராம்களும் பகிர்ந்துகொள்ளும் ஆயத்த ஃபங்ஷன்களின் தொகுப்பு; கம்பைல் செய்வது என்பது எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய கோப்பாக மாற்றுவது. பெரும்பாலான லினக்ஸ் கணினிகளுக்கு அடித்தளமான குனு சி லைப்ரரியை வைத்தே பதில் சொல்லலாம். சுருக்கமாக அதை ஜிலிப்சி என்பார்கள். 1997-ல் 'லிப்சி.எஸ்ஓ.6' என்ற பெயரோடு வந்தது. பழையதோடு ஒத்துப்போகாவிட்டால் மாற்ற வேண்டிய எண் அந்த 6. இன்றும் அது மாறவில்லை.

டைனமிக் லிங்கிங் பலருக்கும் தெரிந்ததுதான். புரோகிராமுக்குள் ஃபங்ஷனின் பெயர் மட்டும் இருக்கும். ஓடத் தொடங்கும்போது லிங்கர் அந்தப் பெயரை லைப்ரரியில் தேடி முகவரியைக் கொடுக்கும். பெயர் அப்படியே இருந்து, வாங்கும் மதிப்பும் தரும் மதிப்பும் மாறாவிட்டால், உள்ளே எதை மாற்றினாலும் பாதகமில்லை என்றே தோன்றும். அது போதாது என்பது 2010-ல் தெரிந்தது.

அந்த ஆண்டு ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையின் 14-ஆம் பதிப்பு வந்தபோது, இணையத்தில் வீடியோ பார்க்க உதவிய ஃப்ளாஷ் பிளேயரின் 64-பிட் பதிப்பில் ஒலி சிதைந்து கேட்டது. தேடிப் பார்த்ததில் காரணம் மெம்காப்பி. நினைவகத்தில் ஓரிடத்தில் இருக்கும் பைட்டுகளை இன்னோர் இடத்துக்கு நகலெடுக்கும் சிறிய ஃபங்ஷன் அது. இரண்டு இடங்களும் ஒன்றோடொன்று மேற்படியக் கூடாது என்பது சி மொழியின் விதி. மேற்படிந்தால், அதைத் தாங்கும் மெம்மூவ் என்ற இன்னொரு ஃபங்ஷனைத்தான் அழைக்க வேண்டும். ஃப்ளாஷ் அந்த விதியை மீறியிருந்தும் அதுவரை மாட்டிக்கொள்ளவில்லை.

எப்படி என்று பார்ப்போம். பத்துப் பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன. 3 முதல் 10 வரை உள்ளதை 1 முதல் 8 வரைக்கு நகர்த்த வேண்டும். முன்னாலிருந்து தொடங்கினால் 3-ல் உள்ளது 1-க்குப் போகும், 4-ல் உள்ளது 2-க்கு, 5-ல் உள்ளது காலியான 3-க்கு. எதுவும் கெடாது. பின்னாலிருந்து தொடங்கினால், 10-ல் உள்ளது முதலில் 8-ல் போய் உட்காரும். 8-ல் இருந்ததை நாம் இன்னும் எடுக்கவேயில்லை, அது அழிந்துவிட்டது. பிறகு 8-ஐ 6-க்கு நகர்த்தும்போது 10-இன் மதிப்பே மறுபடி போகிறது. பழைய மெம்காப்பி முன்னாலிருந்து நகலெடுத்தது. வேகத்துக்காகப் புதிதாக எழுதப்பட்டது சில செயலிகளில் பின்னாலிருந்து எடுத்தது. விதிப்படி இரண்டுமே சரி. ஒலி மட்டும் சிதைந்தது.

தவறு ஃப்ளாஷுடையது என்றது ஒரு தரப்பு. பயனருக்கு அதுவா முக்கியம், நேற்று ஓடியது இன்று ஓடவில்லையே என்று வாதாடினார் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ். நானும் அவர் பக்கம்தான். புரோகிராமைத் திருத்தும் வழி பயனரிடம் இல்லை.

தீர்வு 2011-ல், ஜிலிப்சி 2.14-ல் வந்தது. இதில்தான் எனக்கு மனம் லயிக்கிறது. ஜிலிப்சியில் ஒவ்வொரு ஃபங்ஷன் பெயரோடும் ஒரு பதிப்புச் சீட்டு ஒட்டியிருக்கும். கம்பைல் செய்து லிங்க் செய்யும் நேரத்தில், அன்றைய இயல்பான பதிப்பு எதுவோ அதன் சீட்டு புரோகிராமுக்குள் பதிந்துவிடும். ஓடும்போது லிங்கர் பெயரை மட்டும் பார்க்காது, சீட்டையும் ஒப்பிடும். ஆகவே 64-பிட் இன்டெல் கணினிகளில் ஒரே கோப்புக்குள் இரண்டு மெம்காப்பி குடியிருக்கின்றன. 2.2.5 என்ற சீட்டுள்ளது மெம்மூவைப் போலவே நடந்துகொள்ளும், மேற்படிந்தாலும் கெடாது. பழைய புரோகிராம்களுக்கு அதுதான் கிடைக்கும். 2.14 என்ற சீட்டுள்ளது வேகமானது. புதிதாகக் கம்பைல் செய்பவர்களுக்கு அது. பழைய புரோகிராமில் ஒரு பைட்டைக்கூடத் தொடாமல் அதன் பிழையைத் தாங்கிக்கொள்கிறார்கள்!

இப்படிப் பழைய கதவுகளைத் திறந்தே வைத்திருப்பது ஓயாத வேலை. புது வசதிக்குக் கிடைக்கும் நிதி பராமரிப்புக்குக் கிடைப்பதில்லை. 2014-ல், இணையத் தகவலை மறையாக்கும் லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்த பிறகே, இப்படிப்பட்ட திட்டங்களுக்காக லினக்ஸ் ஃபவுண்டேஷன் பெரிய நிறுவனங்களிடம் பணம் திரட்டத் தொடங்கியது. ஆபத்து வந்த பின் பணம் கொடுப்பது மிகத் தவறான முறை என்பது என் கருத்து.

சீட்டு ஒரு திசையில்தான் உதவும். புதிய கணினியில் கம்பைல் செய்ததைப் பழையதில் ஓட்டினால், 2.14 என்ற சீட்டு அங்கே இல்லை என்று லிங்கர் நின்றுவிடும். அதனால்தான் பைத்தான் லைப்ரரிகளைப் பல லினக்ஸ்களுக்கும் சேர்த்து வெளியிடுபவர்கள், வேண்டுமென்றே பழைய சூழலில் கம்பைல் செய்கிறார்கள். மெனிலினக்ஸ்2014 என்ற அவர்களுடைய தரம் சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸ் பதிப்பை ஒட்டியது; அதில் இருப்பது ஜிலிப்சி 2.17.