கேள்வியைப் பிள்ளைகளிடம் விடுங்கள்

பாளையங்கோட்டையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் ஒரு பெண் சேர வந்தாள், பி.காம். முடித்தவள். இன்டர்வியூவின் கடைசியில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார்களாம். எந்த ஊரில் வேலை, சம்பளம் எவ்வளவு என்று கேட்க மனசில் இருந்தும் வாக்கியம் எழும்பவில்லை. "நோ சார்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இந்த வருஷம் இதைச் சொல்லி வந்த எத்தனையாவது பிள்ளை என்றே தெரியவில்லை.

அவள் பழைய நோட்டைப் பார்த்தேன். வாக்கியத்தைக் கேள்வியாக மாற்றும் பயிற்சி, பக்கம் பக்கமாக. ஒன்றுகூடத் தப்பில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மாற்றி எழுதத் தெரிந்தால் கேட்கவும் வந்துவிடும் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறோம். வராது. அந்தப் பயிற்சியில் பதில் கண்ணெதிரே இருக்கிறது. தெரிந்த பதிலுக்கு யாராவது கேள்வி கேட்பார்களா? பள்ளிக்கூடத்தில் 12 வருஷமும் கேட்பது வாத்தியார், சொல்வது பிள்ளை. கேட்டே பழகாத வாய் இன்டர்வியூவில் மட்டும் எப்படித் திறக்கும்?

தமிழில் நமக்கு ஓர் 'ஆ' போதும். "நேற்று தென்காசிக்குப் போனாயா?" அதே 'ஆ'வை நகர்த்தி நேற்றா, தென்காசிக்கா, நீயா என்று எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஆங்கிலத்தில் 'டிட்' முன்னால் வந்ததும் 'வென்ட்' மறுபடி 'கோ' ஆக வேண்டும். "டிட் யூ வென்ட்?" என்று கேட்கிற பிள்ளையை மட்டி என்று திட்டாதீர்கள். பாதி தூரம் சரியாகத்தான் வந்திருக்கிறது.

என் வகுப்பில் அடிக்கடி ஒரு விளையாட்டு நடக்கும்: ஓர் அல்வாப் பொட்டலம் களவுபோகும். சந்தேகம் இரண்டு பேர் மேல். நேற்று சாயங்காலம் குற்றாலத்தில் சேர்ந்து இருந்தோம் என்பார்கள். 5 நிமிஷம் வெளியே போய்க் கதையைப் பேசிவைத்துக்கொண்டு, ஒவ்வொருவராக உள்ளே வர வேண்டும். மற்ற எல்லோரும் போலீஸ். பதில்கள் முட்டினால் மாட்டினார்கள். அன்றைக்கு முதல் ஆள் செங்கோட்டைப் பக்கம் பார்டர் புரோட்டா சாப்பிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனான். இரண்டாமவன் வந்ததும், மாசக்கணக்கில் வாய் திறக்காத கடைசி பெஞ்சுப் பையன் துள்ளி எழுந்து "வாட் யூ ஈட்?" என்றான். நான் பேசவில்லை. போர்டில் எழுதியிருந்த 'டிட்'டை விரலால் தொட்டேன். "வாட் டிட் யூ ஈட்?" "இட்லி." வகுப்பே கத்தியது. அடுத்த கேள்விக்கு அவன் போர்டைப் பார்க்கவில்லை.

('டிக்கெட் யார் எடுத்தது?' என்பதற்கு 'டிட்' வேண்டாம். அதை அன்றைக்கே சொல்லாதீர்கள், குழம்பிவிடும்.)

இன்னொரு நாள் ஒருத்தி நெல்லையப்பர் தேராக நிற்பாள். ஆனித் தேரோட்டம் போனால் மற்ற மாதமெல்லாம் என்ன செய்கிறாய், யாரைத் தேடுகிறாய் என்று பேட்டி எடுப்பார்கள். 'வாட் டூ யூ டூ?' என்று 'டூ' போட்டுக் கேட்கப் பழக இது நல்ல வழி.

ஆசிரியர்களே, கேள்விகளை எழுதிக் கொடுத்து வாசிக்க வைக்காதீர்கள். நடுவில் புகுந்து இலக்கணம் பேசாதீர்கள். தப்புகளைக் குறித்துவைத்துக் கடைசியில் பாருங்கள். நன்றாகப் பேசும் இரண்டு பேரே கேட்டுத் தீர்க்கவும் விடாதீர்கள்.

"பீஸை வாங்கிட்டுப் பிள்ளையள விளையாட விடுதியளாமே சார்?" என்று ஓர் அப்பா வந்தார். அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். இன்றைக்கு ராத்திரி மகன் உங்களிடம் மூன்று கேள்வி இங்கிலீஷில் கேட்கட்டும், அண்ணாச்சி. பதிலை நீங்கள் தமிழிலேயே சொல்லுங்கள்.