டெட்டரன்ஸ்: வெருட்டி விலக்கல்

அணுவாயுதச் செய்திகளில் வரும் 'டெட்டரன்ஸ்' என்ற சொல்லை நாளிதழ்கள் 'அணுத் தடுப்பு' என்றும் 'தடுப்பாற்றல்' என்றும் எழுதுகின்றன. தாக்கினால் திருப்பி அடிப்போம் என்று அச்சமூட்டி, எதிராளியைத் தாக்காமல் வைத்திருப்பதே டெட்டரன்ஸ். அந்த இரண்டு சொற்களும் பிழையான பொருளைத் தருகின்றன. தடுப்பு என்றதும், வருகிற ஏவுகணையை நடுவானில் அடித்து வீழ்த்துவது என்றே வாசகர் விளங்கிக்கொள்வார். அது ஏவுகணை எதிர்ப்பு, முற்றிலும் வேறு விடயம். வன்னியில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பாரமும் உண்டு. 2009இல் போர் முடிந்த பிறகு 'தடுப்பில் இருந்தவர்' என்றால் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டிருந்தவர் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

மூலம் லத்தீன். 'டே' என்றால் விலக்கி, 'டெரேரே' என்றால் அச்சமூட்டுதல். 'டெரர்' பிறந்ததும் இதே வேரில்தான். பிரெஞ்சுக்காரர் வைத்திருக்கும் 'டிசுவாசியோன்' வேறு வேர். எடுத்துச்சொல்லி எண்ணத்தைக் கைவிட வைத்தல் என்பது அதன் அடிப்பொருள்.

எங்கள் பேச்சில் இதற்கு நேரான சொல் இருக்கிறது: வெருட்டுதல். வேர் 'வெரு', அதாவது அச்சம். திருக்குறளின் 57ஆம் அதிகாரம் 'வெருவந்த செய்யாமை'. வயலில் நிற்பது வெருளி. ஆகவே 'அணுவாயுத வெருட்டி விலக்கல்' என்று எழுதுவதே சரி என்பது எங்கள் முடிவு.

வெருளி வெறும் வைக்கோல் என்று பன்றி அறிந்துகொண்டால் அன்றிரவே பயிர் போய்விடும். இங்கும் அப்படித்தான்: முதல் அடியை வாங்கிய பிறகும் திருப்பி அடிக்க முடியும் என்று எதிராளி நம்பவேண்டும். அதனால்தான் ஏவுகணைகளை நீர்மூழ்கியில் ஏற்றிக் கடலுக்குள் மறைக்கிறார்கள்.

பிரித்தானியா 1969 முதல் எந்நேரமும் ஒரு நீர்மூழ்கியையாவது ரோந்தில் வைத்திருக்கிறது. இதற்கு நான்கு வேண்டும்: ஒன்று ரோந்தில், ஒன்று பெரும் பழுதுபார்ப்பில், மற்ற இரண்டும் பயிற்சியிலோ புறப்பட ஆயத்தமாகவோ இருக்கும். ஒன்று தாமதித்தால் சுமை மற்றவற்றின் தலையில் விழும். அந்த நான்கில் ஒன்றாக 1993இல் சேவைக்கு வந்த 'வான்கார்ட்' 25 ஆண்டுகளுக்கென வடிவமைக்கப்பட்டது. 2015 இறுதியில் பழுதுபார்க்கப் போனது, 2023இல்தான் வெளியே வந்தது. அந்த இடைவெளியில் மற்றவற்றின் ரோந்துகள் ஐந்து மாதத்தையும் தாண்டின.

இந்த 25 ஆண்டு 'சேவைக்காலம்'. நீர்மூழ்கி உண்மையில் எவ்வளவு காலம் தாங்கும் என்ற 'ஆயுட்காலம்' வேறு. சேவைக்காலம் என்பது பொறியியலாளர் கணக்கிட்டு ஒப்புக்கொண்ட ஆண்டுகள். சோதித்துப் பார்த்து நீட்டலாம். ஒவ்வொரு முறை ஆழத்துக்கு இறங்கும்போதும் உடற்கூடு நெரிபடுகிறது, மேலே வரும்போது தளர்கிறது. இது திரும்பத் திரும்ப நடக்க, உலோகம் களைத்து, வெல்டிங் மூட்டுகளிலும் குழாய்கள் கூட்டைத் துளைத்துச் செல்லும் இடங்களிலும் மயிரிழை வெடிப்புகள் தொடங்கும். மீயொலிக் கருவியால் அவற்றைத் தேடுவார்கள். நீர்மூழ்கியை ஓட்டும் அணு உலையின் கலனோ நியூத்திரன் பட்டுப்பட்டு நொறுங்கும் தன்மை அடைகிறது. ஆனால் வெருட்டி விலக்கலுக்கு இவற்றைவிடப் பெரிய கேடு சத்தம். பம்பிகளைத் தாங்கும் இறப்பர் இறுகி, தாங்கிகள் (பெயாரிங்) தேய்ந்தால் அதிர்வு கூட்டுக்குப் பாயும். கடலுக்குள் ஒலியைக் கொண்டு தேடும் எதிரியின் சோனார் கருவி கேட்டுவிடும். மறைவு போனால் வெருட்டும் போயிற்று.

அமெரிக்காவின் 'ஒகாயோ' வகை நீர்மூழ்கி 30 ஆண்டுக்கெனக் கட்டப்பட்டு 42க்கு நீட்டப்பட்டது. நடுவில் ஒருமுறை எரிபொருள் மாற்றுவார்கள். அதன் இடத்துக்கு வரும் 'கொலம்பியா' வகையும் 42 ஆண்டுக்கே. ஆனால் அதன் உலைக்கு எரிபொருள் மாற்றவே தேவையில்லை. அந்த நீண்ட வேலை இல்லாமற் போவதால் இப்போதுள்ள 14 செய்யும் வேலையை 12 செய்யும் என்பது அவர்கள் கணக்கு.