அஸ்லானும் மார்கோத்தும் மோதினால்: பட்டியலை மூடிவிட்டு நூலைத் திறப்போம்

நூலகத்தின் இளையோர் பகுதியில் பணிபுரியும் எங்களிடம் மாணவர்கள் மிகுந்த ஆர்வத்தோடு கொண்டுவரும் கேள்விகளில் ஒன்று, இந்தக் கதையில் வருபவரும் அந்தக் கதையில் வருபவரும் மோதினால் யார் வெல்வார் என்பதாகும். மிகைபுனைவு வாசகர்களிடையே இக்கேள்வி எப்போதும் இருந்து வந்திருக்கிறது. ஆனால் இப்போது கேள்வியோடு விடையும் சேர்ந்தே வந்துவிடுகிறது. பாத்திரங்களின் ஆற்றலை எண்களாகவும் படிநிலைகளாகவும் பிரித்துக் காட்டும் பட்டியல்கள் கைபேசியில் கிடைக்கின்றன. காணொளிகள் சில நிமிடங்களில் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றன. கணினியே எழுதித் தரும் கதைச் சுருக்கங்களில், நூலில் எங்குமே இல்லாத சாகசங்கள்கூட உறுதியான நடையில் இடம்பெற்றுவிடுகின்றன. நூலைத் திறக்காமலேயே தொடங்கும் விவாதம், நூலைத் திறக்காமலேயே மனக்கசப்பில் முடிகிறது. பெற்றோர், ஆசிரியர், இளம் வாசகர் ஆகிய மூவரும் இதைக் கவனிக்க வேண்டும் என்று கருதுவதால், எங்கள் வாசகர் வட்டத்தில் நெடுநேரம் பேசப்பட்ட ஒரு கற்பனை மோதலையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். ஒருபுறம், சி. எஸ். லூயிஸின் நார்னியாக் கதைகளில் வரும் சிங்கமான அஸ்லான், மறுபுறம், ஜே. ஆர். ஆர். டோல்கீனின் 'த சில்மரில்லியன்' நூலில் வரும் இருள் வேந்தன் மார்கோத்.

இந்த இணை தற்செயலாக அமைந்ததன்று. இரு ஆசிரியர்களும் ஆக்ஸ்ஃபோர்டில் கற்பித்தவர்கள், நெருங்கிய நண்பர்கள். மாடலன் கல்லூரியில் இருந்த லூயிஸின் அறையில் நண்பர்கள் கூடி, எழுதிக்கொண்டிருந்ததை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டிய 'இன்க்ளிங்ஸ்' குழுவின் தூண்கள். 1931ஆம் ஆண்டு ஓர் இரவில் நெடுநேரம் டோல்கீனோடும் இன்னொரு நண்பரோடும் நடந்த உரையாடல்தான் லூயிஸ் கிறித்துவ நம்பிக்கைக்குத் திரும்ப வழிகோலியது. நார்னியாக் கதைகள் டோல்கீனுக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை என்பதும் பதிவாகியுள்ள செய்தியே. அப்படியிருந்தும் இருவருடைய உலகங்களும் ஒரே விதமாகப் பிறக்கின்றன. 1955இல் வெளிவந்த 'த மெஜிஷியன்ஸ் நெஃப்யூ' நூலில், அஸ்லான் இருட்டில் நடந்தபடி பாடப் பாட விண்மீன்களும் புல்லும் மரங்களும் விலங்குகளும் தோன்றுகின்றன. 1977இல் வெளிவந்த 'த சில்மரில்லியன்' நூலின் தொடக்கத்தில், படைப்பிறைவனான இலூவதாரின் முன்னிலையில் ஐனூர் என்னும் ஆதி ஆவிகள் சேர்ந்து இசைக்கின்றனர். பின்னாளில் மார்கோத் என்று பெயர் பெறும் மெல்கோர், அந்த இசைக்குள் தன் சொந்த இசையைப் புகுத்திக் குலைக்கிறான். ஆகவே இது, பாட்டால் உலகைப் படைப்பவருக்கும் படைப்பின் பாட்டைக் கெடுத்தவனுக்கும் இடையிலான மோதல்.

வாசகர் வட்டத்திற்கு வந்த பள்ளி மாணவர் ஒருவர் தமது கைபேசியில் ஒரு பட்டியலைக் காட்டினார். மார்கோத் மலைத்தொடரை எழுப்பியவன், டிராகன்களைப் பிறப்பித்தவன், ஆதி ஆவிகளிலேயே ஆற்றல் மிக்கவன் என்று ஒரு பக்கத்தில் எழுதியிருந்தது. மறுபக்கத்தில், அஸ்லான் ஒரு சூனியக்காரியின் கத்திக்கு இரையானவர் என்று ஒரே வரி. ஒரு நிமிடத்தில் மார்கோத் வென்றுவிடுவான் என்பது பட்டியலின் முடிவு. பட்டியலில் இருந்தவை பொய்யல்ல. ஆனால் ஒவ்வொன்றும் எந்தக் காலத்தில், எந்த நிலையில் நடந்தது என்பது அதில் இல்லை. நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: இவை எந்த அத்தியாயத்தில் வருகின்றன? தெரியாது என்றார். உடனே அடுக்கிலிருந்து நூலை எடுத்து, பதினெட்டாம் அத்தியாயத்தைத் திறந்தோம்.

அந்த அத்தியாயத்தில் எல்ஃப்களின் பேரரசன் ஃபிங்கோல்ஃபின், போரில் தம் மக்கள் சிதறடிக்கப்பட்ட செய்தி கேட்டு, தனியொருவனாகக் குதிரையேறி மார்கோத்தின் கோட்டை வாயிலுக்குச் செல்கிறான். கொம்பை ஊதி, கதவை இடித்து, வெளியே வா என்று அறைகூவுகிறான். மார்கோத் வருகிறான், ஆனால் விரும்பி வரவில்லை. அவனுடைய இனத்தாரில் அச்சம் என்பதை அறிந்தவன் அவன் ஒருவனே என்று டோல்கீன் எழுதுகிறார். தன் படைத்தலைவர்களின் எதிரில் மறுக்க இயலாததால்தான் வருகிறான். க்ரோண்ட் என்னும் அவனுடைய சம்மட்டி விழுந்த இடமெல்லாம் தரை பிளந்து புகையும் நெருப்பும் கிளம்புகின்றன. ஃபிங்கோல்ஃபின் ஒவ்வோர் அடிக்கும் விலகிப் பாய்ந்து, மார்கோத்தை ஏழு முறை காயப்படுத்துகிறான். ஏழு முறையும் மார்கோத் வலியில் அலறுகிறான். இறுதியில் களைத்துப்போன மன்னன் பின்னால் இருந்த குழியில் கால் தவறி விழ, மார்கோத் அவன் கழுத்தில் இடக்காலை வைத்து மிதிக்கிறான். உயிர் போகும் தறுவாயிலும் அம்மன்னனின் வாள் அந்தக் காலை வெட்டுகிறது. பிறகு கழுகரசன் தோரோண்டோர் பாய்ந்து வந்து மார்கோத்தின் முகத்தைக் கீறுகிறது. அன்று முதல் மார்கோத் ஒரு கால் நொண்டித்தான் நடந்தான். அவன் காயங்களின் வலி தீரவேயில்லை.

மலைகளை எழுப்பியவன் ஒரு வாள்வீரனின் கையால் எப்படி ஏழு காயம் பட்டான்? அந்த மாணவர் கேட்டது இதைத்தான். கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான். டோல்கீனின் குறிப்புகளைத் தொகுத்து 1993இல் வெளியான 'மார்கோத்ஸ் ரிங்' நூலில் இதற்கு விளக்கம் இருக்கிறது. மார்கோத்தின் ஏவலனான சௌரான் பின்னாளில் தன் ஆற்றலை ஒரு மோதிரத்தில் வைத்தான். மார்கோத்தோ உலகம் முழுவதையும் தன் வயப்படுத்தும் வெறியில் தன் ஆற்றலை மண்ணிலும் நீரிலும் உயிர்களிலும் கலந்து பரப்பிவிட்டான். உலகமே அவனுடைய மோதிரம் என்பது அங்கு வரும் கருத்து. அதன் விளைவாக அவனுடைய சொந்த உடலில் மிஞ்சியது குறைந்துகொண்டே வந்தது. எந்த அளவுக்கென்றால், முதல் யுகத்தின் முடிவில் இருந்த மார்கோத்தைவிட, இரண்டாம் யுகத்தில் இருந்த சௌரானே நடைமுறையில் வலியவன் என்று டோல்கீன் எழுதும் அளவுக்கு. ஆகவே மார்கோத் வெல்வானா என்று கேட்பவர் முதலில் எந்த மார்கோத் என்று சொல்லியாக வேண்டும். ஆதி இசையில் பாடிய மெல்கோரா, அரியணையில் நொண்டிக் காலோடு அமர்ந்திருந்தவனா? பட்டியல்கள் இரண்டையும் கலந்து, எங்கும் இல்லாத ஒரு மூன்றாமவனை உருவாக்கிவிடுகின்றன. டோல்கீன் 1973இல் காலமான பிறகு அவருடைய மகன் கிறிஸ்டோபர் கையெழுத்துப் படிகளிலிருந்து தொகுத்ததே 'த சில்மரில்லியன்' என்பதையும், தந்தையின் குறிப்புகள் பலவும் ஒன்றுக்கொன்று மாறுபடுபவை என்பதையும் இளம் வாசகர்களுக்குச் சொல்லித் தருவது நல்லது.

அஸ்லானைப் பற்றிய அந்த ஒரு வரிக்கும் இதே சோதனையைச் செய்து பார்த்தோம். 'த மெஜிஷியன்ஸ் நெஃப்யூ' நூலில், நார்னியா பிறந்துகொண்டிருக்கும் வேளையில், ஜேடிஸ் என்னும் அரசி இலண்டன் தெருவிளக்குக் கம்பத்திலிருந்து முறித்தெடுத்த இரும்புக் கம்பியைப் பாடிக்கொண்டே வரும் சிங்கத்தின் மீது வீசுகிறாள். அது அஸ்லானின் இரு கண்களுக்கும் நடுவே பட்டுத் தெறித்துப் புல்லில் விழுகிறது. சிங்கம் நடையின் வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அடிபட்டதை உணர்ந்ததா என்றுகூடத் தெரியவில்லை. ஜேடிஸ் அலறிக்கொண்டு ஓடுகிறாள். அந்தப் பாட்டின் ஆற்றலால் மண்ணே உயிர்பெற்றிருந்ததால், விழுந்த கம்பி முளைத்து விளக்குக் கம்பமாகிறது. 1950இல் வெளிவந்த 'த லயன், த விட்ச் அண்ட் த வார்ட்ரோப்' நூலில் அஸ்லானைக் கல்மேசையின் மேல் கொல்லும் வெள்ளைச் சூனியக்காரியும் இதே ஜேடிஸ்தான். இரும்பால் தீண்ட முடியாதவரைக் கல்லால் ஆன கத்தியால் கொல்ல முடிந்தது எப்படி? துரோகம் செய்தவர் ஒவ்வொருவரும் சூனியக்காரிக்கு உரியவர் என்று பேரரசரின் ஆழ்ந்த மந்திரம் விதித்திருக்கிறது. அவ்வாறு துரோகம் செய்த எட்மண்ட் என்னும் சிறுவனுக்காக அஸ்லான் தம்மையே ஈடாகக் கொடுத்தார். அந்த மந்திரத்திற்கு எதிராக ஏதேனும் செய்யக்கூடாதா என்று எட்மண்டின் அக்கா சூசன் மெல்லக் கேட்டபோது அஸ்லானின் முகம் சுளிக்கிறது. அதன் பிறகு எவரும் அந்த யோசனையை எடுக்கவில்லை. கட்டவிழ்த்துக்கொள்ள முடியாமல் அவர் இறக்கவில்லை. இதைத் தோல்விக் கணக்கில் எழுதும் பட்டியல், கதையின் நடுத்தூணையே தவறவிட்டுவிட்டது.

இனி மோதலுக்கு வருவோம். வெறும் ஆற்றலை மட்டும் பார்த்தால், எனக்குத் தெரிந்தவரை இங்கு போட்டிக்கே இடமில்லை, அஸ்லானே வெல்வார். நார்னியா போன்ற ஓர் உலகம் உண்மையில் இருந்து, அங்கு கிறிஸ்து தோன்றினால் எவ்வாறு இருப்பார் என்ற வினாவுக்குக் கற்பனையாக அளித்த விடையே அஸ்லான் என்று லூயிஸ் தமது கடிதமொன்றில் விளக்கியிருக்கிறார். அப்படியானால் டோல்கீனின் உலகில் அவருக்கு இணையான இடம் இலூவதாருக்குரியது; ஆதி ஆவிகளுள் ஒருவனான மெல்கோருக்குரியதன்று. சாத்தானுக்கு எதிரானவர் கடவுள் அல்லர், தலைமைத் தூதர் மிக்கேலே என்று லூயிஸ் வேறொரு நூலின் முன்னுரையில் எழுதியதும் இதையே உறுதிப்படுத்துகிறது. இருவரும் பகிர்ந்துகொண்ட நம்பிக்கையின்படி தீமை என்பது நன்மைக்குச் சமமான எதிர்ச்சக்தி அன்று. மெல்கோர் உயிரைப் படைக்கும் அணையா நெருப்பை வெறுமையில் தேடி அலைந்தும் அடையவில்லை. இருப்பதைக் கெடுக்க மட்டுமே அவனால் இயன்றது. அவனுடைய அரியணைக் கூடத்தில் லூத்தியன் என்னும் பெண் பாடிய பாட்டிலேயே அவன் உறங்கிப்போய், மகுடம் தலையிலிருந்து உருண்டது. ஒரு பாட்டுக்குத் தாங்காதவன், உலகையே பாடிப் படைப்பவர் முன் எவ்வாறு நிற்பான்?

விவாதம் இத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் வட்டத்தில் இருந்த மாணவி ஒருவர் எழுப்பிய வினா, எந்தப் பட்டியலும் தொட முடியாத இடத்திற்கு எங்களை இட்டுச் சென்றது. கல்மேசையருகே கத்தியோடு நிற்பவள் சூனியக்காரியாக இல்லாமல் மார்கோத்தாக இருந்தால் என்ன நடக்கும் என்று அவர் கேட்டார். துரோகம் செய்யாத ஒருவர் துரோகிக்காகத் தாமே விரும்பி உயிர் கொடுத்தால் மரணமே பின்னோக்கித் திரும்பும் என்ற மேலும் ஆழ்ந்த மந்திரத்தைச் சூனியக்காரி அறியவில்லை. அவளுடைய அறிவு காலத்தின் விடியல் வரைதான் எட்டும் என்று உயிர்த்தெழுந்த அஸ்லான் சொல்கிறார். மார்கோத்தோ காலம் தொடங்கும் முன்பே, உலகம் உருவாகும் முன்பே இருந்தவன். ஆதி இசையில் பாடியவன். அவனுக்கு அந்த மந்திரம் தெரிந்திருக்கும் அல்லவா? தெரிந்திருந்தால் அஸ்லானைக் கொல்லாமல் எட்மண்டையே கேட்டு வாங்கியிருப்பான் அல்லவா?

அன்றைய கூட்டம் முழுவதும் இதிலேயே சென்றது. விடை, 'த சில்மரில்லியன்' நூலின் இருபத்து நான்காம் அத்தியாயத்தில் கிடைத்தது. எயாரென்டில் என்னும் மாலுமி எல்ஃப்களுக்கும் மனிதர்களுக்குமாகக் கடல் கடந்து சென்று, உலகைக் காக்கும் ஆதி ஆவிகளான வாலாரிடம் இரக்கம் வேண்டுகிறான். வாலாரின் படை திரண்டு வருகிறது. மார்கோத் அதைச் சற்றும் எதிர்பார்த்திருக்கவில்லை. இரக்கமற்றவனுக்கு இரக்கத்தின் செயல்கள் என்றும் விளங்காதவை, அவனுடைய கணிப்புக்குள் அடங்காதவை என்று டோல்கீன் அதற்குக் காரணம் கூறுகிறார். காலத்திற்கு முன்பிருந்தே எல்லாவற்றையும் கேட்டிருந்தாலும், பிறருக்காக ஒருவர் தம் உயிரை விரும்பித் தருவார் என்பதை அவன் நம்பியிருக்கமாட்டான். ஆகவே அவனும் கத்தியை ஓங்கியிருப்பான் என்று மாணவர்கள் முடிவுக்கு வந்தார்கள். சூனியக்காரி அறியாமையால் தோற்ற இடத்தில் மார்கோத் அறிந்தும் தோற்பான். இரண்டு நூல்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர்கள் தாமாகவே கண்டடைந்த விடை இது. பட்டியலோடு வந்த அந்த மாணவர்தான் இருபத்து நான்காம் அத்தியாயத்தை உரக்க வாசித்தார்.

இந்த அனுபவத்திலிருந்து பெற்றோரிடம் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். 'இல்லாத சிங்கமும் இல்லாத அரக்கனும் சண்டையிட்டால் நமக்கென்ன, படிக்கிற வேலையைப் பார்' என்று பிள்ளைகளைத் தயவுசெய்து தடுக்காதீர்கள். சான்று காட்டுவது, காலத்தைப் பிரித்துப் பார்ப்பது, ஓர் உலகத்தின் விதியை இன்னோர் உலகத்தின் மேல் ஏற்றாமல் இருப்பது ஆகியவற்றை அவர்கள் விரும்பிப் பழகும் இடம் இது. தடுப்பதற்குப் பதிலாக, எந்த நூலில், எந்த அத்தியாயத்தில் என்று கேளுங்கள். விடை கைபேசியிலிருந்து மட்டுமே வருமானால், அந்த நூலை இரவல் வாங்கித் தாருங்கள். கிறித்துவக் குடும்பத்துப் பெற்றோர் சிலர், அஸ்லானை இவ்வாறு மோதலுக்கு இழுப்பது தகுமா என்று எங்களிடம் தயக்கத்தோடு கேட்டதுண்டு. அந்தத் தயக்கம் மதிக்கத்தக்கது. அதை விவாதத்திலேயே சொல்லும்படி பிள்ளைகளிடம் கூறுகிறோம், ஏனெனில் அஸ்லான் யார் என்பதைப் புரிந்துகொள்ள அதுவே நேர்வழி. முன்பின் தெரியாதவர்களோடு இணையத்தில் இரவெல்லாம் வாதிட்டு, வசைகளை வாங்கிக்கொண்டு மனம் சோர்ந்து வரும் பிள்ளைகளின் நிலை வேறு. அவர்களிடம் யார் வெல்வார் என்ற பேச்சை நிறுத்திவிட்டு, யார் என்ன சொன்னார்கள் என்பதைப் பெரியவர் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து கேட்க வேண்டும்.

'த சில்மரில்லியன்' கடினமான நூல் என்பதால் முதல் பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்லி எவரையும் நாங்கள் வற்புறுத்துவதில்லை. பதினெட்டாம் அத்தியாயத்தை முதலில் தருகிறோம். அது பிடித்துப்போனால் நூலின் தொடக்கத்திலுள்ள ஆதி இசைப் பகுதிக்கு அனுப்புகிறோம். அதனுடன் 'த மெஜிஷியன்ஸ் நெஃப்யூ' நூலில் அஸ்லான் பாடும் அத்தியாயத்தையும் சேர்த்து வாசித்தால், இரண்டையும் ஒரே மாலையில் முடித்துவிடலாம். ஆசிரியர்கள் வகுப்பில் இதைச் செய்ய விரும்பினால், மாணவர்களை இரண்டு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொரு வாதத்திற்கும் பக்க எண்ணைக் கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள். பாதி நேரம் கழிந்ததும் அணிகளை மாற்றி, எதிர்த்தரப்புக்கு வாதாடச் சொல்லுங்கள்.