இரண்டு சுவெட்டர் போட்டும் பிள்ளைக்கு ஏன் குளிர்ந்தது?

போன பள்ளி விடுமுறையில் மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து பழைய சாலையில் மலேசியாவின் கேமரன் மலைக்கு ஏறினோம். தங்கச்சியின் எட்டு மாதப் பிள்ளைக்கு அம்மா வீட்டிலேயே உடுப்பு மாட்டிவிட்டார்: இரண்டு சுவெட்டர், அதற்கு மேல் பண்டல் கடையில் (பழைய துணிக்கடை) வாங்கிய தடி ஜாக்கெட், தலையில் கம்பளிக் குல்லா. "மேல ரொம்பக் குளிரும்லா" என்று ஒரே பேச்சு. கீழே அப்போது 33 டிகிரி வெயில். மலைமேல் இருக்கும் தானா ராத்தா ஊரில் இறங்கி, பிள்ளையின் முதுகில் கை விட்டுப் பார்த்தால் பனியன் பிழியலாம் போல நனைந்திருக்கிறது. ஐயோ பாவம் என்று ஜிப்பைத் திறந்துவிட்டோம். அதுதான் தப்பு. பத்து நிமிடத்தில் முதுகு சில்லிட்டு, பிள்ளை வீறிட்டு அழ ஆரம்பித்துவிட்டது.

துணிக்குச் சூடு கொடுக்கத் தெரியாது. சூடு பிள்ளையின் உடம்பிலிருந்து வருவது. துணி செய்வதெல்லாம் இழைகளுக்கு நடுவே காற்றை அசையாமல் பிடித்து வைப்பதுதான், காற்று லேசில் சூட்டைக் கடத்தாது. தண்ணீரோ காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாகக் கடத்தும். வியர்வையில் ஊறிய பனியனில் காற்று இருந்த இடத்தையெல்லாம் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது, போதாததற்கு அது காயும்போதும் சூட்டை இழுக்கும். இரண்டு தேக்கரண்டி வியர்வை காய்வதற்கு வேண்டிய சூடு முழுக்க உடம்பிலிருந்தே போனால், எட்டுக் கிலோ பிள்ளையின் உடம்பு ஏறக்குறைய ஒரு டிகிரி இறங்கிவிடும்! நம் ஊர் வெக்கைக்குப் பருத்தியை அடித்துக்கொள்ள முடியாது, ஆனால் மலையில் நனைந்த பருத்தி எதிரிதான். கம்பளி ஈரத்தை இழைக்குள்ளேயே இழுத்து வைத்துக்கொள்வதால் கொஞ்சம் தேவலாம்.

பெரியவர்கள் தாங்குகிறோமே, பிள்ளைக்கு மட்டும் ஏன் இப்படி? தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் கஞ்சி ஊற்றுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பெரிய பானையில் கொதிக்கக் கொதிக்க இருக்கும் கஞ்சி சின்னக் கிண்ணத்துக்கு வந்ததும் சீக்கிரம் ஆறிவிடும். சின்ன உடம்பில் எடைக்குத் தோல் பரப்பு அதிகம். அதிலும் தலை மட்டுமே மொத்தப் பரப்பில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு, நமக்கு அது பத்தில் ஒன்றுகூட வராது. பிறந்த குழந்தைக்கு நம்மைப் போல நடுங்கிச் சூடேற்றவும் வராது. தோள்பட்டைகளுக்கு நடுவே இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சமாளிக்கும்.

சரி, எவ்வளவு உடுத்துவது? ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல், அப்படியென்றால் கீழே 33 இருக்கும்போது அங்கே 24 போல. பனி பெய்கிற ஊர் இல்லையே! நீங்கள் என்ன போட்டிருக்கிறீர்களோ, பிள்ளைக்கு அதற்கு மேல் ஒன்று, அவ்வளவுதான். கையும் காலும் சில்லென்று இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், சின்னப் பிள்ளைகளுக்கு அது சகஜம். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். கதகதப்பாக, காய்ந்திருந்தால் சரி. ஈரம் பட்டால் ஒன்றைக் கழற்றி, உள் பனியனை உடனே மாற்றுங்கள்.

காரில் தடி ஜாக்கெட் வேண்டவே வேண்டாம், வியர்வைக்காக மட்டும் சொல்லவில்லை. 2020 முதல் மலேசியாவில் குழந்தை இருக்கை கட்டாயம், ஆனால் ஜாக்கெட்டுக்கு மேல் வாரைப் போட்டால் மோதும்போது பஞ்சு அமுங்கி வார் தளர்ந்துவிடும். முதலில் வார், அப்புறம் ஜாக்கெட்டை முன்பக்கமாகப் போர்த்திவிடுங்கள். பண்டல் ஜாக்கெட் தொப்பியில் தொங்கும் கயிறு எங்காவது மாட்டிக் கழுத்தை இறுக்கும், வாங்கியதுமே உருவி எறியுங்கள். தூங்கும்போது குல்லா கூடாது, உடம்பில் மிஞ்சிப்போன சூடு தலைவழியாக வெளியேற வேண்டும். ஒரு வயதுக்குள் தளர்ந்த போர்வையும் வேண்டாம், முகத்தை மூடிவிடும்.

அன்றைக்குக் காய்ந்த பனியன், ஒரே ஒரு சுவெட்டர் மாட்டியதும் அழுகை அடங்கிவிட்டது. அம்மா மட்டும் அந்த ஜாக்கெட்டை மடியைவிட்டு இறக்கவில்லை, "பசார் மாலம் (இரவுச் சந்தை) போறப்ப வேணும்" என்றார். ராத்திரி 17 டிகிரி, போட்டுத்தான் தூக்கிப்போனோம்.