கல்லைப் போர்த்திக்கொண்டு தீவு வேஷம் போடும் பனிப்பாறை

உலகின் வடகோடியில் இருக்கும் நிலம் ஒரு குட்டித் தீவு. கிரீன்லாந்தின் வடகரையை ஒட்டி, மனிதர் யாரும் வசிக்காத, கல்லும் சரளையுமாகக் கிடக்கிற இடம். பெயர் காஃபெக்ளுபன், அதாவது 'காபி கிளப்'! 1921-ல் அங்கே போன டென்மார்க் புவியியலாளர் லௌகே கோக், கோபன்ஹேகனில் தன் சகாக்கள் காபி குடிக்கக் கூடும் சங்கத்தின் பெயரையே வைத்துவிட்டார்.

ஆனால் அதற்கும் வடக்கே அவ்வப்போது 'புதுத் தீவுகள்' முளைத்துக்கொண்டே இருந்தன. 1978-ல் ஊடாக் என்று ஒன்று. 2021-ல் ஊடாக்கில்தான் இறங்கியிருக்கிறோம் என்று நினைத்த ஓர் ஆய்வுக்குழு, பிற்பாடு கணக்குப் பார்த்தால் அது வேறு இடம். சுமார் 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், கடலுக்கு மேல் மூன்று நான்கு மீட்டர் உயரம், சேறும் சரளையும். சரி, புதுத் தீவு என்று செய்தியும் வந்துவிட்டது. பழைய தீவுகளைத் தேடிப் போனவர்களுக்கோ அவை இருந்த இடத்தில் கடல்தான் இருந்தது.

2022-ல் போன குழு சுற்றிலும் கடலின் ஆழத்தை அளந்தது. 25 மீட்டருக்கும் மேல்! அப்படியென்றால் காலுக்குக் கீழே இருப்பது நிலமல்ல, தரைதட்டி நிற்கும் பனிப்பாறை.

கணக்கும் ஒத்துப்போகிறது. மிதக்கும் பனிக்கட்டியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீருக்குள் இருக்கும். மேலே மூன்று மீட்டர் தெரிந்தால் கீழே இருபத்தேழு. அந்த ஆழத்தில் அடி தட்டி நின்றுவிடும்.

கல் எப்படி மேலே வந்தது? பனியாறு மலையைச் சுரண்டிக்கொண்டும், சரிந்து விழுவதைச் சுமந்துகொண்டும்தான் நகர்கிறது. அதன் நுனி உடைந்து கடலில் விழும்போது மண்ணும் கூடவே வருகிறது. இந்த மண் லேசாகப் படிந்திருந்தால் கறுப்பு நிறம் வெயிலை உறிஞ்சி பனியைச் சீக்கிரம் உருக்கிவிடும். கனமாகப் படிந்தாலோ நேர்மாறு, நம் ஊரில் ஐஸ் கட்டி மேல் உமியைக் கொட்டிச் சாக்கால் மூடுகிறோமே, அதே வேலைதான். வெப்பம் உள்ளே இறங்காது. அதனால் இந்தப் போலித் தீவுகள் வருடக்கணக்கில் தாக்குப்பிடிக்கின்றன, அப்புறம் ஒரு கோடையில் சுற்றியுள்ள கடல்பனி விலகும்போது உருகியோ மிதந்தோ போய்விடுகின்றன, சுமந்து வந்த கற்கள் சத்தமில்லாமல் கடலடிக்கு இறங்குகின்றன.

காபி கிளப்புக்குப் பட்டம் திரும்பக் கிடைத்தது இப்படித்தான்.