செய்தியை முடித்துவைக்கும் நொதிகள்

அட்ரினலின் கல்லீரல் செல்லுக்குள் நுழைவதே இல்லை. வெளிச்சவ்வில் இருக்கும் ஏற்பியில் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் சற்று நேரத்தில் உள்ளே சேமித்து வைத்த சர்க்கரையான கிளைகோஜன் உடைந்து, குளுக்கோஸ் இரத்தத்தில் கலக்கிறது. வாசலில் நின்ற ஹார்மோனின் சேதி உள்ளே போனது எப்படி? 1950களில் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஏர்ல் சதர்லேண்ட் கண்ட விடை, சைக்ளிக் ஏஎம்பி என்னும் சிறு மூலக்கூறு. 1971இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஏற்பி தூண்டப்பட்டதும் சவ்வின் உட்புறமுள்ள, சேதியைக் கைமாற்றும் ஜி புரதம், அடினைலைல் சைக்லேஸ் என்ற நொதியை முடுக்கிவிடுகிறது. அது செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை சைக்ளிக் ஏஎம்பியாக மாற்றித் தள்ளுகிறது. அதனால் விழித்தெழும் புரத கைனேஸ் ஏ என்ற நொதி, மற்ற புரதங்களில் பாஸ்பேட்டைப் பொருத்தி அவற்றின் போக்கையே மாற்றிவிடுகிறது.

பாடநூல்கள் இங்கே வேகம் குறைத்துவிடுகின்றன. எனக்கு இதற்கு அடுத்த கட்டம்தான் பெரிதாகப் படுகிறது. சேதி சொல்லி முடித்த மூலக்கூறை அப்புறப்படுத்த யாராவது வேண்டுமே! அந்த வேலை பாஸ்போடைஎஸ்டரேஸ் நொதிகளுடையது. மனித உடலில் இவை 11 குடும்பங்கள். சில சைக்ளிக் ஏஎம்பியை உடைக்கும், சில அதன் உறவான சைக்ளிக் ஜிஎம்பியை, சில இரண்டையும். இவை செல்லுக்குள் ஆங்காங்கே நிலைகொண்டு சுற்றுப்புறத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பதால்தான், ஒரே மூலக்கூறு வெவ்வேறு சேதிகளைக் குழப்பமின்றிச் சுமக்க முடிகிறது.

சேதி முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் காலரா காட்டுகிறது. அதன் நச்சு, குடல் செல்லின் ஜி புரதத்தை அணையவிடாமல் பூட்டிவிடுகிறது. சைக்ளிக் ஏஎம்பி உடைபடுவதைவிட வேகமாகக் குவிகிறது; குளோரைடு வாயில்கள் திறந்தபடியே நிற்கின்றன; உப்பின் பின்னே நீரும் கொட்டுகிறது. கடுமையான நோயில் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட வெளியேறும். இத்தனைக்கும் குடல் செல்களுக்குப் பெரிய சேதம் எதுவும் இல்லை. குளுக்கோஸோடு சோடியத்தையும் சேர்த்து உள்ளிழுக்கும் பாதை நன்றாகவே இயங்குகிறது. உப்புச் சர்க்கரைக் கரைசல் உயிர்காப்பது அந்தப் பாதை வழியேதான்.

விழித்திரையில் நிலைமை தலைகீழ். இருட்டில், ஒளியை உணரும் கோல் செல்களில் சைக்ளிக் ஜிஎம்பி நிறைந்து, அயனி வாயில்களைத் திறந்து வைத்திருக்கும். ஒளி பட்டதும் 6ஆம் குடும்பத்து பாஸ்போடைஎஸ்டரேஸ் அதை உடைக்க, வாயில்கள் மூடுகின்றன. அந்த மூடல்தான் மூளைக்கு ஒளியைப் பற்றிய தகவல். இந்த நொதியின் மரபணு பழுதானால் சைக்ளிக் ஜிஎம்பி தேங்கி, செல்கள் மடிந்து, மெல்ல மெல்லப் பார்வை பறிபோகலாம்.

இந்த நொதிகளைத் தடுப்பதும் மருத்துவமே. நெஞ்சுவலிக்காக ஆராயப்பட்ட சில்டெனாபில், 5ஆம் குடும்பத்தைத் தடுத்து இரத்தக்குழாய்களைத் தளர்த்துகிறது. அமெரிக்காவில் 1998இல் ஆண்களின் விறைப்புக் குறைபாட்டுக்கும், 2005இல் நுரையீரல் தமனி உயர் அழுத்தத்துக்கும் ஒப்புதல் பெற்றது. அதைச் சாப்பிட்ட சிலருக்குக் காட்சி சற்றே நீலமாகத் தெரியும். விழித்திரையின் 6ஆம் குடும்பத்தையும் அது லேசாகத் தொட்டுவிடுவதே காரணம். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கான ரோஃப்ளூமிலாஸ்ட் 4ஆம் குடும்பத்தைத் தடுத்து அழற்சியைத் தணிக்கிறது. ஆனால் அதே குடும்பம் மூளையில் குமட்டலைக் கட்டுப்படுத்தும் பகுதியிலும் இருப்பதால், பலரால் மருந்தைத் தொடர முடிவதில்லை. அதனால்தான் இப்போதைய தேடல், அக்குடும்பத்தின் நான்கு உட்பிரிவுகளில் அழற்சிக்குப் பொறுப்பானதை மட்டும் குறிவைக்கும் மூலக்கூறுகளை நோக்கிப் போகிறது.