ஹேட்சரி: பண்ணையா, பொரிப்பகமா?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், வெனாச்சி ஆற்றோடு கலக்கிறது ஐசிக்கிள் ஆறு. மீன்வரத்து நன்றாக இருக்கும் ஆண்டுகளில், 'ஹேட்சரி சினூக் சால்மன் பிடிக்க ஆறு திறக்கப்படுகிறது' என்று அங்கே அறிவிப்பார்கள். சினூக் என்பது சால்மன் மீனில் ஒரு வகை. இதைப் 'பண்ணைச் சால்மன்' என்று தமிழில் எழுதினால் செய்தியே கெட்டுவிடும்.

பண்ணை மீன் கூண்டிலேயே வளர்ந்து தட்டுக்கு வருவது. ஹேட்சரி மீனின் கதை வேறு. சினைமீனின் முட்டைகளை எடுத்து, ஆண்மீனின் விந்தைக் கலந்து, குளிர்நீர் ஓடும் தட்டுகளில் பொரிக்க வைக்கிறார்கள். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு வளர்ந்த குஞ்சுகளை ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். அவை கொலம்பியா ஆற்றின் வழியே பசிபிக் கடலுக்குப் போய், சில ஆண்டுகள் கழித்து, பிறந்த நீரின் மணத்தைப் பற்றிக்கொண்டு அதே ஆற்றுக்குத் திரும்புகின்றன. கொலம்பியாவின் குறுக்கே எழுந்த கிராண்ட் கூலி அணை மீன்களின் வழியை அடைத்ததற்கு ஈடாகத்தான் ஐசிக்கிள் கரையில் லெவன்வர்த் ஹேட்சரியைக் கட்டினார்கள்.

'ஹேட்ச்' என்றால் பொரித்தல்; 'எரி' என்னும் ஈறு இடத்தைக் குறிக்கும். நம் 'அகம்' செய்யும் வேலைதான் அது. உணவகம், மருந்தகம் போல, பொரிப்பகம். ஆனால் 'பொரிப்பக மீன்' என்றதும் நமக்கு எண்ணெய்ச் சட்டி நினைவுக்கு வந்துவிடும். நெல் வெடித்துப் பொரியாவதும் முட்டை வெடித்துக் குஞ்சு வருவதும் தமிழில் ஒரே சொல். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்திலும் மீன் குஞ்சுக்கு 'ஃப்ரை' என்றே பெயர். அங்கே அது தற்செயல், இரண்டும் வேறு வேறு வேரிலிருந்து வந்தவை. கோழி, இறால் தொழில்களில் ஏற்கெனவே வழங்கும் 'குஞ்சு பொரிப்பகம்' இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறது. முதலில் அப்படி முழுதாக எழுதிவிட்டு, பிறகு பொரிப்பகம் என்று சுருக்கிக்கொள்ளலாம்.

வல்லின றகரம் போட்டுப் 'பொறிப்பகம்' என்று எழுதுவது பிழை. பொறித்தல் என்றால் அடையாளம் இடுதல். அந்தப் பிழையிலும் ஓர் உண்மை இருக்கிறது என்பது வேறு கதை: இந்தக் குஞ்சுகளுக்கு முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே உள்ள சிறிய கொழுப்புத் துடுப்பை நறுக்கி அடையாளம் வைக்கிறார்கள். தூண்டிலில் சிக்கியதில் அந்தத் துடுப்பு முழுதாக இருந்தால் ஆற்றில் இயற்கையாகப் பிறந்த காட்டு மீனாகவே கொண்டு, நீரிலேயே விட்டுவிட வேண்டும். இளவேனிலில் கடலிலிருந்து ஆற்றுக்குத் திரும்பும் மேல் கொலம்பியா சினூக் 1999 முதல் அருகிவரும் இனமாகச் சட்டப் பாதுகாப்பில் உள்ளது. பொரிப்பகத்துக்குத் தேவையான சினைமீன் போக எஞ்சியதைத்தான் தூண்டில்காரர்களுக்கு ஒதுக்குகிறார்கள்.

'ஆறு திறப்பு' என்பதும் இங்கே ஆகாது. அணையில் மதகு தூக்கிவிட்டார்கள் என்றே நம் ஊரில் படிப்பார்கள். 'ரெக்ரியேஷனல் ஃபிஷிங்' என்பதற்குப் 'பொழுதுபோக்கு மீன்பிடிப்பு' தவறில்லை, ஆனால் உயிரில்லாத தொடர். அகநானூற்றின் 36-ஆம் பாடலில், இழுத்தால் வராமல் முரண்டு பிடிக்கும் வராலோடு மல்லுக்கட்டுபவனைத் 'தூண்டில் வேட்டுவன்' என்கிறார் புலவர். செய்தித்தாளுக்கு அது கொஞ்சம் பெரிய உடைதான். நான் எழுதினால் தலைப்பு இப்படி இருக்கும்: 'ஐசிக்கிள் ஆற்றில் பொரிப்பகச் சால்மனைத் தூண்டிலிட்டுப் பிடிக்க அனுமதி'.